கிடைச்சா போவியா?

அந்த அக்காவின் பெயர் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. தன் பெயர் தேவையில்லாமல் ஒரு காகிதத்தில் ஏறுவது அவளுக்குப் பிடிக்காது. கடைப் பலகையில்கூட 'ஜெராக்ஸ், ஆன்லைன் வேலைகள்' என்று மட்டும்தான் இருக்கும். "பேரு போட்டா நாளைக்கு எவனாவது பேரச் சொல்லித் தேடிக்கினு வருவான்" என்பாள். யார் தேடி வருவார்கள், எதற்கு வருவார்கள் என்று கேட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவாள்.

விழுப்புரத்தில் ரயிலடிக்குப் போகிற சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பல் டாக்டர் மாடிக்குக் கீழே இருந்தது கடை. இப்போது அங்கே மொபைல் கவர் விற்கிறார்கள். நான் பன்னிரண்டாவது முடித்த லீவில் சான்றிதழ், விண்ணப்பம் என்று அங்கே போகாத நாள் குறைவு. அப்போது இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், நாலு பிளாஸ்டிக் நாற்காலி. சுவரில் வேளாங்கண்ணி மாதா படமும் மேல்மலையனூர் அம்மன் படமும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கும். அதற்குக் கீழே ஒரு எலுமிச்சம்பழம். அக்கா எந்த மதம் என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. போகப் போகத்தான் தெரிந்தது, அவளுக்கு பக்தியைவிட பயம் அதிகம். மேலே இருக்கிற யாரையும் பகைத்துக்கொள்ள அவளுக்குத் தைரியம் இல்லை.

கரண்ட் போனால் பயப்படுவாள். திரும்பி வந்தால் அதைவிட அதிகமாகப் பயப்படுவாள். பேட்டரி பெட்டி 'கீ' என்று கத்தினால் நெஞ்சில் கை வைத்துக்கொள்வாள். எந்தப் படிவம் போட்டாலும் இரண்டு பிரிண்ட் எடுப்பாள். ஒன்று நமக்கு, இன்னொன்று மேசைக்கு அடியில் இருக்கும் பழைய ரெக்சின் சூட்கேசுக்கு. வீடு திண்டிவனத்தில். தினமும் ரயிலில் வந்து ரயிலில் போகிறவள். சாயங்கால பாசஞ்சர் ஆறு மணிக்கு மேல்தான் என்றாலும் ஐந்து மணிக்கே கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டுதான் டைப் அடிப்பாள். மழை இல்லாத நாளிலும் குடை இருக்கும். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு, முப்பத்திமூன்று வயதுதான் இருக்கும். பார்த்தால் இன்னும் பத்து வயது கூட்டித்தான் சொல்வோம்.

எல்லா வேலையும் அவளே செய்வாள். நம் பெயர், அப்பா பெயர், கதவு எண், மார்க் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுவாள். கடைசியில் 'உறுதி செய்' என்று ஒரு பட்டன் வருமே, அதை மட்டும் தொடமாட்டாள். மௌஸை நம் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய், வாசல் கதவோரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்பாள். நாம்தான் அமுக்க வேண்டும். திரும்பாமலே "ஆச்சா?" என்று கேட்பாள். "ஆச்சு" என்றதும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வந்து உட்காருவாள். பல் டாக்டருக்காகக் காத்திருந்த ஒருவர், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டே, "இன்னாம்மா, உள்ள வெடி கிடி வெச்சிருக்கியா?" என்றார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

எழுந்து போவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பாள். எல்லாரையும் ஒரே கேள்விதான். ரயில் டிக்கெட் எடுக்க வந்தவரிடம், "வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்குதுங்க. கிடைச்சா போவீங்களா?" என்பாள். "போவாமயா காசு குடுத்துக்கினு நிக்கறேன்?" என்று அவர் எரிந்து விழுவார். ஒருமுறை ரேஷன் கார்டில் முகவரி மாற்ற ஒரு பெண் வந்தாள். மாமியாரோடு சண்டை, தனிக்குடித்தனம் போகிற வேகத்தில் வந்தவள். "மாத்திட்டா அந்த ஊட்டுக்கே போயிடுவீங்களா?" என்று அக்கா கேட்டாள். அந்தப் பெண் ஜெராக்ஸ் மிஷினையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "நாளைக்கு வர்றேங்க" என்று கார்டை எடுத்துக்கொண்டு போனாள். திரும்ப வரவே இல்லை. இப்படி எத்தனை பேரை விரட்டினாளோ. பக்கத்துச் சந்தில் இன்னொரு கடைக்காரர் பத்து நிமிஷத்தில் பத்து பேர் வேலையை முடித்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

இன்ஜினியரிங் கவுன்சிலிங் வந்தால் அக்காவின் பயம் உச்சத்துக்குப் போகும். முறை இதுதான். நமக்குப் பிடித்த கல்லூரி, பிடித்த படிப்பு எல்லாவற்றையும் ஆசைப்படும் வரிசையில் ஆன்லைனில் பட்டியல் போட வேண்டும். கம்ப்யூட்டர் மேலிருந்து பார்த்துக்கொண்டு வரும். நம் மார்க்குக்கு முதலில் எது எட்டுகிறதோ அதைக் கொடுத்துவிடும். கொடுத்துவிட்டால் அதற்குக் கீழே நாம் போட்டதெல்லாம் கைவிட்டுப் போன மாதிரிதான்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதில் ஒரு பழக்கம் உண்டு. மேலே நாலு வரி மரியாதைக்குப் போடுவோம். கிடைக்கவே கிடைக்காத பெரிய பெரிய கல்லூரிகள். நாளைக்குச் சொந்தக்காரர்கள் "முதல்ல எதைப் போட்ட?" என்று கேட்டால் சொல்லிக்கொள்ள வேண்டும் இல்லையா? கல்யாணப் பத்திரிகையில் மந்திரி பெயர் போட்டுவிட்டு, வரமாட்டார் என்ற நிம்மதியில் பந்தல் போடுவது போலத்தான்.

அக்கா அந்த நாலு வரியையும் விடமாட்டாள். ஒவ்வொரு வரியையும் வாசித்து, படிக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கேட்பாள். "கிடைச்சா போவியா?" ஒரு அரிசி மில்காரர் நாற்பது வரிப் பட்டியலோடு மகனைக் கூட்டிவந்தார். ஆறு வரிக்குத் தலையாட்டிய அந்தப் பையன் ஏழாவது வரியில், "போவ மாட்டேங்க" என்று சொல்லிவிட்டான். மில்காரர் மேசையைத் தட்டினார்.

"அது கிடைக்காதும்மா. சும்மா போடு. நீ டைப் அடிக்கிற ஆளா, வக்கீலா?"

"சும்மான்னு ஒண்ணும் இல்லீங்க. கம்ப்யூட்டருக்கு அது தெரியாதுங்க" என்றாள் அக்கா.  கை விசைப்பலகையின் மேல் இறங்கவில்லை. மில்காரர் மகனை இழுத்துக்கொண்டு பக்கத்துச் சந்துக்குப் போனார். அவர் போன பிறகு அக்கா தண்ணீர் குடித்ததைப் பார்த்தேன். டம்ளர் பல்லில் இடித்தது.

இவ்வளவையும் நேரில் பார்த்தும் என் முறை வந்தபோது நான் பொய் சொன்னேன்.

எங்கள் ஊர் விக்கிரவாண்டிப் பக்கம். நான் ஒரு கொத்தனாரின் மகள். அம்மா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போவாள், களை எடுக்கப் போவாள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பேண்ட் போட்டு ஆபீசுக்குப் போனவர் பெரியப்பா. அதனால் பெயர் வைப்பதிலிருந்து பெண் பார்ப்பது வரைக்கும் அவர் சொல்தான் கடைசிச் சொல். நான் பன்னிரண்டாம் வகுப்பில் தமிழ் மீடியத்தில் நல்ல மார்க் வாங்கிவிட்டேன். அதற்காக அப்பா அம்மாவைவிட அதிகம் அலைந்ததும் அவர்தான். அதை நான் மறக்கவில்லை.

எனக்கு சிவில் படிக்க வேண்டும். இது கனவு, லட்சியம் என்று ஒன்றுமில்லை. ஒன்பதாவது படிக்கும்போது, அப்பா கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். இன்ஜினியர் கொடுத்த வரைபடத்தை அப்பா தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். வாங்கி நேராகப் பிடித்துப் பார்த்தேன். குளியலறைக் கதவு திறந்தால் மாடிப்படியில் இடிக்கும் என்று தோன்றியது. சொன்னேன். மறுநாள் இன்ஜினியர் பைக்கில் வந்து பார்த்துவிட்டுக் கதவை இடம் மாற்றினார். அன்றிலிருந்து, தரை சமமா என்று பார்க்கும் அப்பாவின் ரசமட்டம் என் பள்ளிக்கூடப் பையில் பாதி நாள் கிடக்கும். திண்டிவனத்தில் உள்ள கல்லூரியில் சிவில் இருந்தது. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். என் மார்க்குக்கு நிச்சயம் கிடைக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள்.

"நிச்சயம் கிடைக்கறத எதுக்கு மேல போடற?" என்றார் பெரியப்பா. முதல் வரியில் சென்னையின் மிகப் பெரிய கல்லூரியைப் போடச் சொன்னார். அங்கே சிவில் எனக்கு எட்டாது என்பது அவருக்கும் தெரியும். அதனால் சுரங்கம் சம்பந்தமான ஒரு படிப்பைப் பார்த்து வைத்திருந்தார். எங்கள் ஊரில் கிணற்றைத் தவிர வேறு பள்ளத்தை நான் பார்த்ததில்லை.

"என்ன படிப்பா இருந்தா இன்னா? காலேஜ் பேருதான் பேசும். அதுவும் கிடைக்கப் போறதில்ல. சும்மா மேல போடு. நாலு பேரு கேட்டா சொல்லிக்கலாம்."

அக்கா முதல் வரியை வாசித்தாள். கல்லூரியின் பெயர், படிப்பின் பெயர். என் முகத்தைப் பார்த்தாள். "கிடைச்சா போவியா?"

பெரியப்பா என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் சட்டைப் பையில் இருந்த பேனாக்கள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம்கூடக் கேட்டது.

"போவேன்கா" என்றேன்.

அக்கா ஒரு கணம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதையும் இரண்டாம் முறை கேட்கமாட்டாள். தட்டினாள். திண்டிவனம் சிவில் இரண்டாவது வரிக்கு இறங்கியது. பிறகு எழுந்து போய்க் கதவோரம் நின்றாள். நான் அமுக்கினேன்.

அந்த வருஷம் என்ன ஆனதோ, அந்தப் படிப்பைக் கேட்டவர்கள் குறைந்துபோனார்கள். முடிவு வந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கு முதலில் போன் செய்தது அக்காதான். தன் கடையில் பட்டியல் போட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் அவளே பார்ப்பாள். பார்க்கும்வரை அவளுக்குத் தூக்கம் வராது.

"முதல் வரி வந்துட்ச்சும்மா" என்றாள். சந்தோஷமான செய்தியை யாரும் அப்படி ஒரு குரலில் சொல்லிக் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். இந்த இடம் வேண்டும் என்று சொல்லலாம். வேண்டாம், அடுத்த சுற்றுக்குப் போகிறேன் என்றும் சொல்லலாம். அடுத்த சுற்றில் புதிதாகப் பட்டியல் போட வேண்டும். திண்டிவனம் சிவில் அதுவரை மிச்சம் இருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. எதுவுமே அமுக்காமல் இருந்தால் கவுன்சிலிங்கை விட்டே வெளியே போக வேண்டியதுதான்.

ஞாயிறு காலை பூசை முடிந்ததும் பெரியப்பா ஃபாதரிடம் போய்ச் சொன்னார். ஃபாதர் என்னைக் கோயில் முன்னால் நிற்கவைத்து, கல்லூரியின் பெயரைச் சொல்லி, எல்லாரையும் கைதட்டச் சொன்னார். அம்மா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு அழுதாள். அப்பா கடைசி வரிசையில் நின்று தட்டினார். சிமெண்டில் வெடித்த அவருடைய கைகள் தனிச் சத்தமாகக் கேட்டன.  ஸ்கூலில் ஒருமுறை மெரினாவுக்குக் கூட்டிப் போனபோது கூட்டத்தில் தொலைந்து இருபது நிமிஷம் நின்றிருந்தேன். சென்னை என்றால் எனக்கு அந்த இருபது நிமிஷம்தான். இனி நாலு வருஷம், இங்கிலீஷில், தெரியாத படிப்பு. வேண்டாம் என்றாலோ கைதட்டிய அத்தனை பேரையும் பார்க்க வேண்டும். எனக்கு அந்தப் படிப்பு பிடிக்காததால் வேண்டாமா, அல்லது வெறும் பயத்தால் வேண்டாமா? அதுகூட எனக்குத் தெரியவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

மத்தியானம் அக்காவுக்குப் போன் செய்தேன். ஞாயிறு கடை லீவு.

"போன்லயே அமுக்கலாமேம்மா."

"என்னால தனியா முடியாதுக்கா."

 "ஊட்டுக்கு வா" என்றாள்.

ஓ.கே. சொல்லப் போகிறேன் என்றுதான் அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லீவு முடிந்து சென்னைக்குத் திரும்பும் வண்டிகள். பஸ் நின்று நின்று போனது. பெரியப்பா மூன்று முறை கூப்பிட்டார். "பண்ணிட்டியா?" "போய்க்கினு இருக்கேன் பெரியப்பா." "ஜல்தி ஜல்தி. அஞ்சு மணிக்கு மூடிடுவான்." திண்டிவனத்தில் இறங்கும்போது மணி நாலைத் தாண்டியிருந்தது.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால், முன்பக்கம் சிமெண்ட் ஷீட் போட்ட இரண்டு அறை வீடு. அக்கா தெருவிலேயே நின்றிருந்தாள், கையில் குடையோடு. உள்ளே ஒரு முக்காலியின் மேல் லேப்டாப் திறந்திருந்தது. உட்கார்ந்தேன். உள் அறையிலிருந்து ஒருவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். தாடி. துவைத்து இஸ்திரி போட்ட சட்டையின் எல்லாப் பட்டனையும் கழுத்துவரை போட்டிருந்தார்.

"எந்த காலேஜுங்க?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"நல்ல காலேஜுங்க அது" என்றார் மரியாதையாக. சொம்பை என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கதவுத் திரை விழுந்தது.

"தம்பி" என்றாள் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நல்லா படிப்பான். வடக்க ஒரு பெரிய காலேஜ். ஊர் பேரச் சொன்னாலே எல்லாரும் எழுந்து நிப்பாங்க. கிடைக்காதுன்னுதான் மேல போட்டேன், பேருக்கு. அவன் அன்னிக்கு ஒரு பையனுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கப் போயிருந்தான். வரட்டும், கேட்டுக்கினு அமுக்கலாம்னு இருந்தேன். நேரம் ஆவுதுன்னு நானே அமுக்கிட்டேன்."

"அப்புறம்?"

"கிடைச்சிட்ச்சி. எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. அவன் ஒண்ணும் சொல்லல. போனான். ரெண்டாவது வருஷம் பாதியில வந்துட்டான். அஞ்சு வருஷம் ஆவுது. தெருமுனை தாண்ட மாட்றான்."

"அங்க என்னக்கா ஆச்சு?"

"தெரியாது. கேட்டதில்ல." லேப்டாப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "கேக்கறதுக்குப் பயமா இருக்குது."

அந்த ரெக்சின் சூட்கேஸ், இரண்டாவது பிரிண்ட், யாரோ தேடிக்கொண்டு வருவார்கள் என்ற பயம் எல்லாம் எனக்கு அப்போது புரிந்தது. தேடி வர யாரும் வெளியே இல்லை. கேள்வி கேட்க வேண்டிய ஆள் இந்தத் திரைக்குப் பின்னால்தான் இருந்தார். பாவம், தினமும் அவருக்குச் சோறு போட்டுவிட்டு ரயிலேறி வந்து ஊரையெல்லாம் கேட்டிருக்கிறாள்.

அவள் என்னிடம் கடவு எண்ணை வாங்கிக் கவுன்சிலிங் பக்கத்தைத் திறந்தாள். லேப்டாப் திரையில் இரண்டு வரிகள் வந்தன. மணி நாலரை.

"இதான் பாரு. 'வேண்டாம், அடுத்த சுற்று'. இதை அமுக்கு." என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன. "அங்க போவாதம்மா. நான் சொல்றேன், போவாத. நீ தாங்க மாட்ட."

இன்னொரு கை மௌஸின் மேல் இருந்தது. அம்புக்குறி அந்த வரியை நோக்கி நகர்ந்தது. அக்கா எழுந்திருக்கவில்லை. அத்தனை நாள் பழகியதில் அவள் எழுந்திருக்காமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். அவள் அமுக்கப்போகிறாள் என்று தெரிந்தபோது என் உடம்பு நடுங்கியது. நான் மனசுக்குள் நினைத்ததைத்தான் அவள் சொல்கிறாள். ஆனாலும் நடுங்கியது. பெரியப்பா தன் பெருமையை என் முதல் வரியில் போட்டார். இப்போது அக்கா தன் பயத்தை என் பட்டனில் அமுக்கப்போகிறாள். இரண்டு பேருமே என்மேல் பாசம் உள்ளவர்கள். என்னைத்தான் காணோம்.

"அக்கா, எழுந்து போங்க."

"இன்னா?"

"வாசல்ல போய் நில்லுங்க. எப்பவும் கேப்பீங்க இல்ல, அதைக் கேளுங்க. இந்தத் தடவை நான் பொய் சொல்ல மாட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். மௌஸிலிருந்து கையை எடுத்தாள், ஏதோ சூடு பட்ட மாதிரி. எழுந்து போய் வாசற்படியில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள். கடையில் வாசிப்பது போலவே கல்லூரியின் பெயரைச் சொன்னாள். படிப்பின் பெயரைச் சொன்னாள்.

"கிடைச்சா போவியா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்துவிட்டது.

"நான் போவலக்கா."

சத்தமாகச் சொல்லவில்லை. சாப்பாடு போடட்டுமா என்று கேட்டால் இப்போது வேண்டாம் என்போமே, அந்த மாதிரி ஒரு குரல். அக்கா திரும்பவில்லை. பின்னால் கட்டியிருந்த கைகள் மட்டும் தனித்தனியாக விழுந்தன. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உன்ன கேக்காம வுட்டுட்டேனேடா" என்றாள் தெருவைப் பார்த்தே. "உன்ன மட்டும் கேக்காம வுட்டுட்டேனே."

 என் போன் அடித்தது. பெரியப்பா. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. மணி நாலு நாற்பது. திரைக்குப் பின்னால் இருந்தவர் சொன்ன பதில் அவருடையது. அதை நான் எடுத்துக்கொள்ள முடியாது என்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அந்த இருபது நிமிஷத்தில் நான் செய்தது ஒன்றுதான். இரண்டு கல்லூரிகளையும் மனசுக்குள் இடம் மாற்றிப் பார்த்தேன். சென்னைக் கல்லூரி எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரிலேயே இருக்கிறது, எல்லாரும் தமிழிலேயே பேசுகிறார்கள், ஒரு பயமும் இல்லை. அப்போது அந்தச் சுரங்கப் படிப்புக்குப் போவேனா? போகமாட்டேன். சிவில் சென்னையில் இருக்கிறது, அதே மெரினா, அதே கூட்டம், அதே இங்கிலீஷ். போவேனா? வழியெல்லாம் அழுதுகொண்டாவது போவேன். இது தெரிந்ததும் நடுக்கம் நின்றுவிடவில்லை. ஆனால் எதற்கு நடுங்குகிறேன் என்பது தெரிந்தது.

"அக்கா, நான் பயந்துக்கினு வேணாம்னு சொல்லல. எனக்கு சிவில் வேணும்" என்றேன். 'அடுத்த சுற்று' என்ற வரியை அமுக்கினேன்.

 ரொம்ப நேரம் கழித்து வாசலிலிருந்து, "ஆச்சா?" என்று கேட்டாள்.

"ஆச்சுக்கா."

அன்று அந்தப் பெருமூச்சு வரவில்லை.

வீட்டில் நடந்ததை விரித்து எழுத எனக்கு இப்போதும் மனசு வரவில்லை. பெரியப்பா கத்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனார், அவ்வளவுதான். அம்மா மூன்று நாள் கோயிலுக்குப் போகவில்லை. "கிடைக்கலன்னா?" என்று அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.  அடுத்த சுற்றுக்குப் பட்டியல் போட விழுப்புரம் போனபோது என் தாளில் ஒரே வரிதான் இருந்தது. அக்கா பயந்துபோய், "கீழ இன்னும் நாலு போடும்மா" என்றாள். ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுப் போட்டாள். முடிவு வருகிறவரை அப்பா ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் எழுந்துவிடுவார். நான் ரசமட்டத்தை எடுத்துக் கட்டில்மேல் வைத்து, நடுவில் நிற்காமல் ஓடும் அந்தக் குமிழியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டுத் தரை சமமில்லை.

திண்டிவனம் சிவில் கிடைத்தது.

இப்போது வேலையில் இருக்கிறேன். இன்டர்வியூக்களில் அந்தப் பெரிய கல்லூரிக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் என் கல்லூரிப் பெயரைக் கொஞ்சம் மெல்லத்தான் சொல்கிறேன். கல்யாண வீடுகளில் பெரியப்பா என்னைக் காட்டி, "கிடைச்சத வேணாம்னவ" என்று அறிமுகப்படுத்துகிறார். நான் செய்தது சரி என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. என் வாயால் சொன்னேன், என் கையால் அமுக்கினேன் என்று சொல்ல முடியும்.

கல்லூரியின் முதல் நாள் காலை எட்டு மணிக்குத் திண்டிவனத்தில் இறங்கினேன். புதுப் பை, புதுச் செருப்பு, கால் கடித்தது. சாலைக்கு அந்தப் பக்கம் அக்கா ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருந்தாள், விழுப்புரம் ரயிலுக்கு. கையில் குடை. அவளுக்கு அரை அடி பின்னால், கழுத்துவரை பட்டன் போட்ட சட்டையில், தலையைக் குனிந்துகொண்டு அவர். அவளுடைய சாப்பாட்டுப் பை அவர் கையில் இருந்தது. அவர்கள் தெருமுனை எப்போதோ பின்னால் போயிருந்தது.

நடுவில் லாரிகளும் பஸ்களும் போய்க்கொண்டிருந்தன. அக்கா என்னைப் பார்த்துவிட்டாள். சாலையில் சத்தம் போடுவதற்கும் பயப்படுகிறவள், அன்று குடையைத் தூக்கிக் காட்டிக் கத்தினாள்.

"கிடைச்சிட்ச்சி இல்ல? போறியா?"

"போறேன்கா!" என்று நானும் கத்தினேன்.

அவர் தலை நிமிர்ந்து, நான் போகிற திசையை ஒருமுறை பார்த்தார்.